எந்த மலை வேகமாகத் தேயும்?

பிள்ளைகளே, இரண்டு மலைகளைச் சொல்கிறேன். எது வேகமாகத் தேயும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்று நம்ம வலப்பனை மலை. வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் நாள்கணக்கில் மழை விடாது. ராகலையிலிருந்து நில்தண்டாஹின்னைப் பக்கம் பஸ்ஸில் இறங்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் கீழே பார்க்காமல் வருவதே நல்லது. அவ்வளவு சரிவு. மற்றது வட அமெரிக்காவில், அலாஸ்காவில் உள்ள மலை. அங்கே பெய்கிற பனி உருகாமல் வருடக்கணக்காகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகி ஐஸ் ஆகிவிடுகிறது. அந்த ஐஸ் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு கீழ்நோக்கி நகர்கிறது. அதைத்தான் பனியாறு என்கிறோம். ஆறு என்றதும் ஓட்டத்தை நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்குச் சில மீற்றர் நகர்ந்தாலே அது வேகமான பனியாறு.

கொட்டுகிற மழையா, ஊர்கிற ஐஸா? பலரும் மழை என்றுதான் சொல்வீர்கள். விடை நேர்மாறு.

காடு மூடிய நம் மத்திய மலைநாட்டுச் சரிவுகள், மனிதர் கை படாமல் விட்டால், ஆயிரம் வருடத்தில் தேய்வது 2 முதல் 11 மில்லிமீற்றர் வரைதான். எல்லாளன் அனுராதபுரத்தில் ஆண்ட காலத்திலிருந்து இன்றுவரைக்கும் கணக்குப் போட்டாலும் இரண்டரை சென்ரிமீற்றரைத் தாண்டாது. அலாஸ்காவின் வேகமான சில பனியாறுகளோ தம் அடிப்பாறையிலிருந்து ஒரே வருடத்தில் 10 மில்லிமீற்றரைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன. நம்ம மலைக்கு ஆயிரம் வருட வேலை, அங்கே ஒரு வருட வேலை.

ஆயிரம் வருடக் கணக்கை யார் உட்கார்ந்து அளந்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எந்நேரமும் பூமிமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. ஓடை மணலில் வெள்ளையாக மினுங்குகிற மணிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை குவார்ட்ஸ் என்ற கனிமம். அந்தக் கதிர் குவார்ட்ஸுக்குள் பாயும்போது பெரிலியம்-10 என்ற அரிய அணுக்கள் உண்டாகின்றன. ஆனால் கதிர் ஆழத்துக்கு இறங்காது. நிலத்தின் மேல் ஓரிரு மீற்றருக்குள் கிடக்கும் மணிகளில்தான் இந்த அணு கணிசமாகச் சேரும். இப்போது யோசியுங்கள். மலை மெதுவாகத் தேய்ந்தால், ஒரு மணி மேற்பரப்புக்கு அருகில் நெடுங்காலம் கிடந்துவிட்டுத்தான் ஓடைக்கு வரும். அதில் பெரிலியம்-10 நிறைய இருக்கும். மலை வேகமாகத் தேய்ந்தால், மணி அவசரமாக வெளியே வந்து விழுந்துவிடும். அதில் குறைவாக இருக்கும். ஆக, கைப்பிடி ஓடை மணலே மலையின் கணக்குப் புத்தகம். திலக் ஹேவாவசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்த ஐரோப்பிய ஆய்வாளர்களும் மேல் மகாவலியில் கலக்கும் ஓடைகளில் மணல் எடுத்து இப்படித்தான் அளந்தார்கள். 2003இலும் 2004இலும் முடிவுகள் வெளிவந்தன. வெப்பமும் மழையும் சரிவும் உள்ள மலை வேகமாகத்தான் தேயும் என்று நினைத்திருந்த பலருக்கு அது பெரிய ஆச்சரியம்.

சரி, ஐஸுக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு பலம்? நீங்களே செய்து பார்க்கலாம்.

இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் தண்ணீரோடு ஒரு பிடி பருமணலும் கொஞ்சம் பொடிக்கல்லும். இரண்டையும் ஓர் இரவு உறைய வையுங்கள். வீட்டில் பிரிஜ் இல்லாதவர்கள் தெரிந்த கடையில் கேட்டால் ஐஸ்பெட்டியின் ஒரு மூலையில் வைத்துத் தருவார்கள். மறுநாள் ஐஸைக் கோப்பையிலிருந்து கழற்றி, உடுப்புச் சவர்க்காரக் கட்டியின் மேல் ஒரே திசையில் அழுத்தித் தள்ளுங்கள். வெறும் ஐஸ் வழுக்கிக்கொண்டு போகும். சவர்க்காரம் நனையும், அவ்வளவுதான். மணல் ஐஸை அதன் அடிப்பக்கம் படும்படி வைத்துத் தள்ளுங்கள். மணல் அடியில்தானே படிந்திருக்கும்? சவர்க்காரத்தில் நீளநீளமாகக் கீறல் விழும், எல்லாம் ஒரே திசையில். பக்கத்தில் வடியும் தண்ணீரைப் பாருங்கள். கலங்கி வெள்ளையாக இருக்கும்.

பனியாறு செய்வதும் இதையேதான். பாறையை அரைப்பது ஐஸ் அல்ல, ஐஸ் பிடித்து வைத்திருக்கும் கல். மேலே இருக்கும் பாரமோ கொஞ்சநஞ்சமல்ல. 100 மீற்றர் தடிப்புள்ள ஐஸ், ஒரு சதுர மீற்றர் பாறையை ஏறத்தாழ 90 தொன் பாரத்தால் அழுத்துகிறது. பல பனியாறுகள் இதைவிடப் பன்மடங்கு தடிப்பு. இன்னொரு வேலையும் நடக்கிறது. அடியில் உருகும் தண்ணீர் பாறை வெடிப்புக்குள் இறங்கி மறுபடி உறைகிறது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். வெடிப்பு விரிகிறது, கல் கழன்றுவிடுகிறது, மேலே நகரும் ஐஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. பிடுங்கிய கல்லே அடுத்த இடத்தை அரைக்கும் ஆயுதம். அரைபட்ட பாறை மாவாகி, உருகிய தண்ணீரோடு வெளியே வரும்.

அந்த மாவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தியாவில் உத்தராகண்டுக்குப் போக வேண்டும். கங்கோத்ரிப் பனியாறு அங்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அது முடியும் இடம் கோமுகம், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்குக் கிட்ட. நம் பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோமுகத்தில் ஐஸின் அடியிலிருந்து பாகீரதி புறப்படுகிறது. கங்கையின் தலையாறு அதுதான். படங்களில் பார்க்கிற பளிங்குத் தண்ணீரை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பாறை மாவு கலந்து சாம்பல் நிறத்தில்தான் அது பாயும்.

கோமுகத்துக்கு மேலே சிவலிங்கம் என்ற சிகரம் நிற்கிறது, 6,543 மீற்றர். நாலாபக்கமும் சீவி விட்ட கூர். ஒரு மலையைப் பல பக்கங்களிலிருந்து பனியாறுகள் குடைந்துகொண்டே வந்தால் நடுவில் இப்படிக் கொம்பு மட்டும் மிஞ்சும்.

பள்ளத்தாக்கின் உருவத்தை வைத்தே வெட்டியவர் யார் என்று சொல்லிவிடலாம். நம்ம குருந்து ஓயாவைப் பாருங்கள். தண்ணீர் அடியில் ஒரு கோடாக மட்டும் வெட்டும். இரண்டு கரையும் சரிந்து வந்து அந்தக் கோட்டில் சேரும். வயல் செய்ய வேண்டுமானால் படிப்படியாக மேடை கட்டியே ஆக வேண்டும். பனியாறோ பள்ளத்தாக்கை முழுக்க நிறைத்துக்கொண்டு நகர்வதால் அடியையும் இரு கரையையும் சேர்த்தே அரைக்கும். ஐஸ் உருகிப் போன பிறகு பார்த்தால் நம்ம ‘ப’ எழுத்துத்தான். தட்டையான தரை, இருபுறமும் நிமிர்ந்த சுவர்.

இனித்தான் விஷயம் ருசியாகிறது. இமயமலை சும்மா நிற்கும் மலை அல்ல. இந்தியா இருக்கும் நிலத்தட்டு இன்னும் வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் மலை உயர்ந்துகொண்டே இருக்கிறது. பாகிஸ்தான் பக்கத்தில் நங்கா பர்பத் என்று ஒரு சிகரம், 8,126 மீற்றர். உலகில் மிக வேகமாக மேலே வரும் பாறைகளில் அங்குள்ளவையும் அடக்கம், வருடத்துக்குச் சில மில்லிமீற்றர். குறைவு என்று எண்ண வேண்டாம். வருடத்துக்கு 5 மில்லிமீற்றர் என்றால் பத்து லட்சம் வருடத்தில் 5 கிலோமீற்றர். அப்படியானால் நங்கா பர்பத் இந்நேரம் எவ்வளவு உயரமாக வளர்ந்திருக்க வேண்டும்? வளரவில்லையே!

ஏனென்றால், கீழிருந்து தள்ளுகிற வேகத்துக்கு ஈடாக மேலே பனியாறுகளும், அடிவாரத்தில் சிந்து நதியும், நடுவில் பாறைச் சரிவுகளும் தேய்த்துக்கொண்டிருக்கின்றன. 1997இல் புரோசோவிச், பர்பாங்க், மெய்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வடமேற்கு இமயத்தின் உயரங்களைக் கணக்கெடுத்தார்கள். ஓரிடத்தில் மலை வேகமாக உயர்கிறது, இன்னோரிடத்தில் மெதுவாக. ஆனால் இரண்டிலும் நிலத்தின் பெரும்பகுதி நிரந்தரப் பனி தொடங்கும் உயரத்தை ஒட்டியே இருந்தது. அந்த உயரத்தைத் தாண்டித் தலை நீட்டும் நிலத்தைப் பனியாறுகள் அறுத்துத் தள்ளிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. எவரெஸ்ட் மாதிரி ஒரு சில கூர்கள் தப்பி நிற்கின்றன. அவை தனிக்காட்டு ராஜாக்கள். மலைத்தொடர் முழுவதும் அந்த உயரத்துக்கு வந்துவிட முடிவதில்லை.

தேய்வதாலேயே மலை உயரவும் செய்கிறது என்றால் நம்புவீர்களா? ரந்தெனிகல நீர்த்தேக்கத்தில் ஒரு படகு நிறைய மூட்டை ஏற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மூட்டைகளை இறக்க இறக்கப் படகு மேலே எழும்பும். மலையும் தன்னைவிட அடர்த்தியான ஆழப் பாறையின் மேல் மிதப்பதுதான். மேலிருந்து 100 மீற்றர் பாறை சீராகத் தேய்ந்து போனால், பாரம் குறைந்து கீழிருந்து ஏறத்தாழ 80 மீற்றர் மெதுவாக எழும்பிவிடும். உயரத்தில் நட்டம் 20 மீற்றர்தான். பனியாறு பள்ளத்தாக்குகளை மட்டும் ஆழமாகத் தோண்டி, சிகரங்களைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? பள்ளத்தில் போன பாரத்துக்காக மலை முழுவதும் எழும்பும், சிகரங்களும் கூடவே. பள்ளம் பள்ளமாகும்போது சிகரம் உயர்கிறது!

எல்லாப் பனியாறும் தேய்க்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், படகோனியாவில், குளிர் மிகக் கடுமை. அங்கே சில இடங்களில் ஐஸ் அடிப்பாறையோடு உறைந்து ஒட்டிக்கொள்கிறது. வழுக்க அடியில் தண்ணீர் இல்லை. நகராத ஐஸ் அரைக்காது, மலையை மூடிக் காக்கும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வடக்கே ஐஸ் தேய்த்த இடங்களைவிடத் தெற்கே ஐஸ் காத்த இடங்களில் மலைகள் உயரமாகவும் அகலமாகவும் இருப்பதைக் காட்டினார்கள். ஐஸ் தேய்க்க வேண்டுமானால் கொஞ்சம் உருகவும் வேண்டும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். தை மாதத்தில் நுவரெலியாவில் விடியற்காலை புல்மேல் வெள்ளையாக உறைபனி படியும். கொழுந்து கருகும், உருளைக்கிழங்குச் செடி வாடும். வெயில் ஏறினால் போய்விடும். பனியாறு உண்டாக, பெய்த பனி கோடையிலும் உருகாமல் தங்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அதற்கு ஐயாயிரம் மீற்றரை நெருங்கிய உயரம் வேண்டும். ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீற்றர். அங்கேகூட ஐஸ் வேகமாகக் குறைந்து வருகிறது. இருபதாயிரம் வருடத்துக்கு முன், உலகம் கடுங்குளிரில் இருந்தபோதும் பிதுருதலாகலையின் உயரம் பனியாற்றுக்குப் போதாது. ஆனால் அந்தக் குளிர் நம்மைத் தொடாமலும் இல்லை. உலகத்துத் தண்ணீர் ஐஸாகிப் போனதால் கடல் 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணில் புதைந்திருந்த பூந்தாதை ஆராய்ந்தவர்கள் அக்காலத்தில் நம் மலைநாடு வறண்டு கிடந்தது என்கிறார்கள்.

நங்கா பர்பத்தையும் நம்ம மலையையும் ஒருசேர அறிந்த ஒருவர் இருந்தார். டி. என். வாடியா, இந்தியாவின் புகழ்பெற்ற புவிச்சரிதவியல் அறிஞர். நங்கா பர்பத் பகுதியின் பாறை அமைப்பை வரைந்தவர். 1938இல் இலங்கைக்கு அரசாங்கக் கனிமவியலாளராக வந்தார். கரையோரச் சமவெளி, நடுத்தர மேடு, உச்சி மேடு என்று இலங்கை மூன்று படிகளாக இருப்பது ஏன் என்று யோசித்து, பூமிக்குள்ளிருந்து பாறைத் துண்டங்கள் மேலே தள்ளப்பட்டதால் என்று விளக்கினார். பிற்கால அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எப்படியானாலும், நம் மலைக்கு அடியில் இன்று முட்டித் தள்ளும் தட்டு எதுவும் இல்லை. நம் பாறைகள் ஐம்பது கோடி வருடத்துக்கும் மேல் வயதானவை. கிழ மலை, அமைதியான மலை.

மெதுவாகத் தேய்வதன் இரகசியம் அதில்தான் இருக்கிறது. உயரும் மலையில் புதுப்பாறை ஓயாமல் வெளியே வந்துகொண்டிருக்கும், தேய்க்கத் தேய்க்கத் தீனி கிடைக்கும். உயராத மலையில் பாறை தன் மேலேயே மண்ணைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். வீதியை அகலமாக்க வெட்டிய கரையை அடுத்த முறை நின்று பாருங்கள். மேலே சிவப்பு மண். அதற்குக் கீழே, பார்க்கக் கல், கையால் நுணுக்கினால் மாவு; அது உக்கிய பாறை. அதற்கும் கீழேதான் உளி ஏறாத கருங்கல். மழை எவ்வளவு பெய்தாலும் கருங்கல்லைத் தொட முதலில் இந்தப் போர்வையைக் கடக்க வேண்டும். அந்தப் போர்வையைக் காடு வேரால் பிடித்து வைத்திருந்தது.

‘இருந்தது’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன 2 முதல் 11 மில்லிமீற்றர் காட்டுக் கணக்கு. காட்டை வெட்டித் தேயிலையும் மரக்கறியும் போட்ட இடங்களில் மண் போகும் வேகம் அதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு என்று அதே ஆய்வு சொல்கிறது. மண் உண்டாகும் வேகமோ பழைய வேகம்தான். போன மண் ஓடையில் இறங்கி, மகாவலியில் சேர்ந்து, பொல்கொல்ல முதலான நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது. நம்ம ஆட்கள் மேல் இதில் குற்றம் சொல்ல முடியாது. காட்டைத் தேயிலையாக்க முடிவெடுத்தது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள். பிறகு அந்தச் சரிவிலேயே கான் வெட்டி, கல் அணை கட்டி, மண்ணை மறித்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்தான்.

கனமழை இந்தப் போர்வைக்குள் இறங்கி ஊறிவிட்டால் போர்வையே வழுக்கும். அதுதான் மண்சரிவு. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் உயிர்கள் போயின. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்பதை உங்களில் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் மூன்று மீற்றர் மண் ஓர் இரவில் சரிந்தது என்று வையுங்கள். ஆயிரம் வருடத்துக்கு 5 மில்லிமீற்றர் என்ற கணக்கில் அது ஆறு லட்சம் வருடத் தேய்மானம். எந்தப் பனியாறும் இவ்வளவு அவசரப்படாது.

அதனால் இரண்டு வேலை தருகிறேன். முதல் வேலை, மழை நாட்களில் உங்கள் கண்ணுக்கு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் தந்திக் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியேறச் சொல்லி எச்சரித்தால், புத்தகப் பையைக்கூடத் தேடாமல் வெளியேறுங்கள்.

இரண்டாவது வேலை, மழை விட்ட மறுநாள், பெரியவர் ஒருவரோடு. ஒரே அளவான மூன்று கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் எடுங்கள்: காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையில் ஒன்று, தேயிலை மலைக் கானில் ஒன்று, மரக்கறித் தோட்டத்து வாய்க்காலில் ஒன்று. வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தால் கிட்டப் போக வேண்டாம். ஒரு நாள் ஆடாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணை அடிமட்டத்தால் அளந்து, எடுத்த இடத்தையும் திகதியையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் அளவுகளை அட்டவணையாகப் போட்டு வெளியிடுவோம்.